கொடுத்ததும் கொண்டதும்

1863ஆம் ஆண்டு மே மாதம் 20ஆம் தேதி. சென்னை நுங்கம்பாக்கத்து வானாய்வகத்தில் அரசு வானியலாளராக இருந்த நார்மன் ராபர்ட் போக்சன், விருச்சிக ராசியின் வடபகுதியில் அதுவரை அங்கே காணப்படாத ஒரு விண்மீனைக் கண்டு குறித்துவைத்தார். ஒன்பதாம் ஒளித்தரத்தை ஒட்டிய மங்கலான புள்ளி. வெறுங்கண்ணுக்கு எட்டாதது. ஒரு வார காலத்துக்குள் அது தொலைநோக்கியின் பார்வையிலிருந்தும் நழுவிப்போயிற்று. இன்று அந்த விண்மீனுக்கு யூ ஸ்கார்பி என்று பெயர்.

விண்மீன்களின் ஒளியை அளக்க இன்றும் உலகம் பயன்படுத்தும் அளவுகோலை வகுத்தவரும் இந்தப் போக்சன்தான். ஐந்து தரம் கூடினால் ஒளி நூறு மடங்கு என்று 1856இல் அவர் முன்வைத்த விகிதம் அது. யூ ஸ்கார்பி சாதாரண நாட்களில் பதினெட்டாம் தரத்தை ஒட்டிக் கிடக்கும். வெடிக்கும்போது ஏழரைக்கும் எட்டுக்கும் இடையே ஏறும். பத்துத் தர வேறுபாடு. போக்சனின் விகிதப்படியே கணக்கிட்டால் பத்தாயிரம் மடங்கு ஒளி. ஏற்றம் சில மணி நேரத்தில் முடிந்துவிடும். உச்சத்திலிருந்து மூன்று தரம் இறங்க மூன்று நாள்கூட ஆகாது. அவர் கண்டது இன்னதென்று சொல்லும் கருவியோ கோட்பாடோ அன்று எவரிடமும் இல்லை. தேதியும் இடமும் ஒளித்தரமும்தான் அவரால் எழுதிவைக்க முடிந்தவை. அவை போதுமானவையாக இருந்தன என்பது மிகப் பின்னால் தெரியவந்தது.

1906லும் 1936லும் அது மறுபடி வெடித்திருந்ததை, ஹார்வர்ட் வானாய்வகத்தின் பழைய புகைப்படத் தட்டுகளைப் பிற்பாடு ஆராய்ந்தபோது கண்டுகொண்டார்கள். 1917, 1945, 1969 ஆகிய ஆண்டுகளின் வெடிப்புகளும் பின்னர் பட்டியலில் சேர்ந்தன. பிறகு 1979, 1987, 1999, 2010, 2022. திரும்பத் திரும்ப வெடிக்கும் ஒரு விண்மீனின் கணக்கேட்டில் முதல் வரி சென்னையில் எழுதப்பட்டது.

*

யூ ஸ்கார்பி ஒரு விண்மீன் அல்ல, இரண்டு. 29 மணி 32 நிமிடத்துக்கு ஒருமுறை ஒன்றையொன்று சுற்றிவருபவை. அவற்றுக்கிடையே உள்ள தூரம் சுமார் 45 லட்சம் கிலோமீட்டர்; சூரியனுக்கும் புதனுக்கும் உள்ள தூரத்தில் பதின்மூன்றில் ஒரு பங்கு. ஒன்று எடையில் சூரியனை நெருங்கி வருவது. முதுமை தொடங்கி உருவில் சூரியனைவிடப் பெரிதாகிவிட்டது. மற்றது வெண்குள்ளன்: எரிபொருள் தீர்ந்து, புறத்தோல் உதிர்ந்து, சூரியனுக்கு மேற்பட்ட எடையைப் பூமியைவிடச் சிறிய உருண்டைக்குள் அடக்கிக்கொண்டு மிஞ்சிய உள்ளீடு. அதன் ஒரு தேக்கரண்டிப் பொருள் பல டன் எடை இருக்கும்.

இரண்டும் தத்தம் பக்கம் இழுக்கின்றன; கூடவே சுற்றவும் செய்கின்றன. இவற்றைச் சேர்த்துக் கணக்கிட்டால் ஒவ்வொரு விண்மீனைச் சுற்றியும் ஒரு கண்ணுக்குத் தெரியாத எல்லை கிடைக்கும். நீர்த்துளி வடிவத்தில் உள்ள அந்த எல்லைகள் இரண்டும் நடுவே ஒரு புள்ளியில் முனையோடு முனை தொட்டு நிற்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிரெஞ்சுக் கணிதர் ரோஷின் பெயரால் அதை ரோஷ் எல்லை என்கிறார்கள். அதற்குள் இருக்கும்வரை விண்மீனின் பொருள் அதனுடையது. விண்மீன் வீங்கி அதை நிரப்பிவிட்டால், தொடுபுள்ளி வழியாக வாயு மறுபக்கம் வழியத் தொடங்கும்.

கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்தவனுக்கு இதைப் புரிந்துகொள்ளப் படம் தேவையில்லை. எங்களுக்கு மேற்கே மலைமுகடு இருக்கிறது. முகட்டுக்கு அந்தப் பக்கம் விழும் மழை அரபிக்கடலுக்கு, இந்தப் பக்கம் விழுவது வைகைக்கு. முகட்டின்மீது நிற்கும் துளி இருவருக்கும் சொந்தமில்லை. 1895இல் பெரியாற்றின் குறுக்கே கட்டிமுடிக்கப்பட்ட அணை, மேற்கே ஓடிக்கொண்டிருந்த நீரை உயர்த்தி நிறுத்தி, மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகக் கிழக்கே இறக்கிவிட்டது. நீர்மட்டம் 104 அடிக்கு மேல் இருந்தால்தான் சுரங்கத்துக்குத் தண்ணீர் ஏறும். அதற்குக் கீழே அணையில் எவ்வளவு தேங்கியிருந்தாலும் கூடலூருக்கும் கம்பத்துக்கும் உத்தமபாளையத்துக்கும் ஒரு சொட்டு வராது. வாய்க்காலோரம் வளர்ந்த பிள்ளைகளுக்கு வாய்ப்பாட்டோடு சேர்ந்து மனப்பாடமான எண் அது. வீங்கும் விண்மீனுக்கும் அப்படியொரு மட்டம் உண்டு. எட்டும்வரை ஒன்றுமில்லை, எட்டியபின் வழிவது நிற்பதில்லை.

உவமை இதற்குமேல் தாங்காது. அணையை மனிதர்கள் கட்டினார்கள். விண்மீன் தானாக வீங்குகிறது. லோயர் கேம்ப் பக்கம் நீர் நேராக இறங்கிவிடும். சுற்றிக்கொண்டிருக்கும் விண்மீனை நோக்கி வரும் வாயு நேராக விழ முடியாது. வெண்குள்ளனைச் சுற்றி வட்டாகப் பரவி, தனக்குள் உரசிச் சூடேறி, சிறிது சிறிதாக உள்ளே சேர்கிறது.

சேர்வது பெரும்பாலும் ஹைட்ரஜன். வெண்குள்ளனின் மேற்பரப்பில் அது படலமாகப் படிந்து, அடிப்பகுதி தன் எடையாலேயே அமுங்கிச் சூடாகிறது. சாதாரண வாயு சூடேறினால் விரிந்து கொஞ்சம் குளிரும். கொதிக்கும் பானையின் மூடி எழும்பி ஆவியை விடுவதுபோல. அமுக்கத்தின் உச்சத்தில் இருக்கும் வாயுவோ சூடேறினாலும் விரியாது. சூடு அணுச்சேர்க்கையைத் தூண்ட, அணுச்சேர்க்கை மேலும் சூட்டைக் கூட்ட, மூடி எழும்பாத பானையாகிவிடுகிறது. கடைசியில் படலம் முழுவதும் பற்றி வெளியே எறியப்படுகிறது. இதுதான் நோவா. போக்சன் 1863இல் கண்டது இதை. யூ ஸ்கார்பியில் ஒரு வெடிப்புக்குச் சேரும் பொருள் சூரியனின் எடையில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்ற அளவிலானது. வெண்குள்ளன் அழிவதில்லை. வட்டு மீண்டும் அமைகிறது. படலம் மீண்டும் படிகிறது.

*

இந்த வகை இரட்டைகளைப் பற்றி ஜனரஞ்சகமாக எழுதுகிறவர்கள் ரத்தக்காட்டேரி விண்மீன் என்று தலைப்பிடுவது வழக்கம். செத்த ஒன்று உயிருள்ளதை உறிஞ்சுகிறது என்ற கதை எளிதில் மனதில் நிற்கும். எனக்கு அந்தச் சொல்லை ஏற்க முடிந்ததில்லை.

2011 டிசம்பரில் குமுளி எல்லைச் சாலை மூடிக்கிடந்த நாட்களில் நான் ஊரில் இருந்தேன். ஒரே தண்ணீரைப் பற்றி முகட்டின் இரு பக்கமும் பேசப்பட்ட சொற்களைக் கேட்டேன். கொடுத்தது, எடுத்தது, உரிமை, திருட்டு, தயவு. ஒவ்வொரு சொல்லும் பேசுகிறவர் எங்கே நிற்கிறார் என்பதைத்தான் முதலில் சொல்லிற்று. எங்கள் வீட்டிலும் அப்படிச் சில சொற்கள் புழங்கிவந்தன.

என் அண்ணன் பத்தாவதோடு படிப்பை நிறுத்திக்கொண்டார். அப்பாவால் தனியாக வயலைப் பார்க்க முடியாமற்போன வருடம் அது. நான் மேலே படித்தேன். "மூத்தவனை உருக்கி இளையவனை வார்த்தாச்சு" என்று அப்பத்தா வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவாள். நான் கேட்கும்படியாகவே சொல்லுவாள். பிறகு நான் வேலைக்குப் போய் அனுப்பிய பணத்தில் கிணறு ஆழமாயிற்று, வீட்டுக்குத் தளம் வந்தது. ஊர்ப்பேச்சும் திசை மாறிற்று. தம்பி சம்பாத்தியத்தில் அண்ணன் உட்கார்ந்து தின்கிறான் என்றார்கள். உட்கார நேரம் வாய்க்காத மனிதரைப் பற்றி. இரண்டு பேச்சையும் அவர் ஒரே முகத்தோடு கேட்டுக்கொண்டார்.

விண்மீன்களின் கணக்கையும் ஒரு தேதியில் நிறுத்திப் பார்த்தால் இப்படித்தான் ஆகும். எடை மிகுந்த விண்மீன் எரிபொருளை விரைவாகச் செலவழித்து விரைவில் முதுமையடையும். எனவே இரட்டையில் முதலில் வெண்குள்ளனாவது பிறக்கும்போது எடை கூடியிருந்த ஒன்றே. அது வீங்கிய காலத்தில் அதன் பொருள்தான் எல்லை தாண்டி வழிந்தது. ஒரு பகுதி இளையதன்மேல் சேர்ந்திருக்கலாம். பெரும்பகுதி இரண்டையும் போர்த்திப் பின் வெளியில் சிதறியிருக்கும். இன்று உறிஞ்சுவதாகச் சொல்லப்படும் விண்மீன் அன்று தன் உடம்பில் பெரும்பங்கை இழந்தது.

இந்தத் திசைமாற்றம் வானியலாளர்களையே வெகுகாலம் குழப்பியிருக்கிறது. பெர்சியஸ் தொகுதியில் உள்ள அல்கோல் என்ற இரட்டையில் எடை குறைந்த விண்மீன் அதிக முதுமையுடன் இருந்தது. எடை கூடியதுதானே முதலில் மூப்படைய வேண்டும்? 1950களில்தான் விடை தெளிவாயிற்று. இன்று இளைத்திருப்பது ஒருகாலத்தில் கனத்திருந்தது. அதன் பொருளைப் பெற்றே மற்றது கனத்தது. கொடுத்தவர் யார், கொண்டவர் யார் என்பது எந்தத் தேதியில் ஏட்டைத் திறக்கிறோம் என்பதைப் பொறுத்தது.

*

ஆனால் கொள்வதற்கு ஓர் அளவு உண்டு. அதைக் கண்டவர் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்துமுடித்து, 1930 ஜூலை 31 அன்று பம்பாயில் கப்பலேறிய பத்தொன்பது வயது சுப்பிரமணியன் சந்திரசேகர். கேம்பிரிட்ஜ் போகும் வழியில், வெண்குள்ளனின் உள்ளே நெருக்குண்டிருக்கும் எலெக்ட்ரான்கள் ஒளிவேகத்தை நெருங்கினால் என்னவாகும் என்று கணக்கிட்டுப் பார்த்தார். வெண்குள்ளன் எடை கூடக்கூடப் பெருப்பதில்லை, சுருங்குகிறது. சுருங்கச் சுருங்க எலெக்ட்ரான்களின் வேகம் கூடுகிறது. ஒளியின் வேகத்துக்கு மேல் போக முடியாதாகையால் ஒரு கட்டத்தில் அவற்றின் எதிர்ப்பு எடைக்கு ஈடுகொடுக்காது. அந்த இடம், இன்று நாம் அறிந்தபடி, சூரியனைப்போல் சுமார் 1.4 மடங்கு எடை. 1935 ஜனவரியில் லண்டனில் அவர் இதை விளக்கியதும், எடிங்டன் எழுந்து, விண்மீன் இப்படி அபத்தமாக நடந்துகொள்ளாதபடி தடுக்க இயற்கையில் ஒரு விதி இருந்தாக வேண்டும் என்ற பொருளில் பேசி அவையைச் சிரிக்கவைத்ததும் பலமுறை எழுதப்பட்ட கதை. நோபல் பரிசு 1983இல் வந்தது.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வேறொன்று தோன்றும். யூ ஸ்கார்பி முதலில் காணப்பட்ட நுங்கம்பாக்கத்துக்கும், சந்திரசேகர் படித்த சேப்பாக்கத்துக்கும் இடையே சில கிலோமீட்டர்தான். காலத்தில் அறுபத்தேழு வருடம். ஒருவர் விண்மீனைக் கண்டார், பொருள் தெரியாமல். மற்றவர் பொருளைக் கண்டார், எந்த விண்மீனுக்கு என்று தெரியாமல். யூ ஸ்கார்பியின் வெண்குள்ளன் நாம் அறிந்தவற்றுள் அந்த எல்லைக்கு மிக அருகில் நிற்பவற்றில் ஒன்று. இத்தனை குறுகிய இடைவெளியில் அது வெடிப்பதற்கும் காரணம் அந்த எடைதான். ஈர்ப்பு மிகுதியாதலால் மெல்லிய படலமே பற்றிக்கொள்கிறது.

கார்பனும் ஆக்ஸிஜனும் நிறைந்த ஒரு வெண்குள்ளன் இந்த எல்லையை நெருங்கினால் நிகழ்வது மேற்பரப்பு வெடிப்பல்ல. நடுவே கார்பன் பற்றிக்கொண்டு, சில விநாடிகளில் விண்மீன் முழுவதும் சிதறிப்போகும். இது முதலாம்-அ வகை சூப்பர்நோவா. சூரிய எடையில் பாதியளவுக்கு நிக்கல் உருவாகி, அது கோபால்ட்டாகி, கோபால்ட் இரும்பாகிறது. வாரக்கணக்கில் நாம் காணும் ஒளி அந்தச் சிதைவின் ஒளி. நம் மண்வெட்டியிலும் அரிவாளிலும் ரத்தத்திலும் உள்ள இரும்பில் கணிசமான பங்கு இப்படி வந்தது. 1998இல் பிரபஞ்சம் விரைவுகூடி விரிகிறது என்று கண்டதும் இவ்வகை வெடிப்புகளை அளவுகோலாகக் கொண்டுதான்.

யூ ஸ்கார்பி அந்த முடிவை நோக்கிப் போகிறதா? இங்கேதான் வரவு செலவு முக்கியமாகிறது. ஒவ்வொரு வெடிப்பிலும் சேர்ந்ததைவிடக் குறைவாக எறிந்தால், சிறுகச் சிறுக எடை கூடி எல்லையைத் தொடும். கூடுதலாக எறிந்தால் தேயும். எறியப்பட்ட எடையை அறிய ஒரு வழி, வெடிப்புக்கு முன்னும் பின்னும் சுற்றுக்காலத்தை அளப்பது. எடை குறைந்தால் சுற்றுக்காலம் நுண்மையாக மாறும். அமெரிக்க வானியலாளர் பிராட்லி ஷேஃபர் இதற்காகவே பல பத்தாண்டுகள் அந்த இரட்டையின் கிரகணங்களைக் குறித்துவந்தார். அடுத்த வெடிப்பு 2009 வசந்தகாலத்தையொட்டி, ஓராண்டு முன்பின்னாக வரும் என்று முன்னரே கணித்தும் சொன்னார். 2010 ஜனவரி 28 அன்று ஃபுளோரிடாவில் இரு அமெச்சூர் வானோக்கர்கள் அதைக் கண்டறிந்தார்கள். இத்தனைக்குப் பிறகும் ஏடு முடிவாகக் கூட்டப்படவில்லை. வெண்குள்ளன் கார்பனால் ஆனதா, ஆக்ஸிஜனும் நியானும் கொண்டதா என்பதும் விவாதத்தில் இருக்கிறது. பின்னதாயின், எல்லையைத் தொட்டாலும் சிதறாமல் உள்ளொடுங்கி நியூட்ரான் விண்மீனாகிவிடக்கூடும்.

*

2022 ஜூன் 6 அன்று அது மறுபடி வெடித்த செய்தி வந்த வாரம் ஊரில் இருந்தேன். முதல்போகத்துக்கு நாற்று விட்டிருந்த நேரம். இரவில் அண்ணனோடு வாய்க்கால் கரையில் உட்கார்ந்திருந்தபோது, மேகமலைக்கு மேலே ஏறியிருந்த விருச்சிகத்தைக் காட்டி, கேட்டை நட்சத்திரத்துக்கு வடக்கே கண்ணுக்குத் தெரியாத ஓரிடத்தில் நடந்ததை என்னால் ஆனமட்டும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"வாங்குறவன் என்ன ஆவான்னு சொல்லிட்ட. குடுக்குறவன் என்ன ஆவான்?" என்றார்.

"இப்ப வெடிச்சதுல அதுக்கு ஒண்ணும் ஆகாதுண்ணே. மேல கொஞ்சம் சூடாகும். திரும்பவும் குடுக்கும்."

"அந்தப் பெரிய வெடி வெடிச்சா?"

அவர் அறியாமலே கேட்ட அந்தக் கேள்வி இத்துறையின் நடுக்கேள்வி. வெண்குள்ளன் முழுவதும் சிதறிவிட்டால், கொடுத்துவந்த விண்மீனைப் பிடித்துவைக்க எதுவுமில்லை. கவணிலிருந்து விடுபட்ட கல்லைப்போல, சுற்றிக்கொண்டிருந்த அதே வேகத்தில் தனியே போகும். மேல்தோலில் கொஞ்சம் வெடிப்பில் உரிந்திருக்கும். ஆகவே பழைய சூப்பர்நோவாக்களின் எச்சங்களுக்குள் இப்படி விலகிப்போகும் ஒரு விண்மீன் இருக்கிறதா என்று தேடுகிறார்கள். 1572இல் டைக்கோ பிராஹே கண்ட வெடிப்பின் எச்சத்துக்குள் அப்படி ஒன்றை 2004இல் ஒரு குழு சுட்டியது; மற்றவர்கள் மறுத்தார்கள். 2011இல் எம்101 விண்மீன் மண்டலத்தில் வெடித்த ஒன்றை, அதற்கு முன் எடுத்த படங்களோடு ஒப்பிட்டார்கள். அங்கே பெரிய செம்பூத விண்மீன் எதுவும் இருந்திருக்கவில்லை. இதனால்தான் வேறொரு வழியும் பலமாகப் பேசப்படுகிறது: இரண்டும் வெண்குள்ளன்களாகி, சுழன்று நெருங்கி, ஒன்றில் ஒன்று கலந்து வெடிப்பது. அங்கே கொடுத்தவர், கொண்டவர் என்று பிரித்துச் சொல்ல ஆளே மிஞ்சுவதில்லை.

இதையும் சொன்னேன். "தேடுறாங்கள்ல, அது போதும்" என்றார். பிறகு மடையைப் பார்க்க எழுந்துபோனார்.

*

போக்சன் பணியாற்றிய சென்னை வானாய்வகத்தின் பணிகள் 1899இல் கொடைக்கானலுக்கு நகர்ந்தன. மோட்டார் பாதை வருவதற்குமுன் அந்த மலைக்கு ஏறும் வழி எங்கள் பெரியகுளத்துப் பக்கத்து அடிவாரத்திலிருந்துதான் இருந்தது. அதன் வழிவந்த இந்திய வான் இயற்பியல் மையம் லடாக்கின் ஹான்லேயில் நிறுவிய தொலைநோக்கிக்குச் சந்திரசேகரின் பெயரை வைத்தது. 2010 வெடிப்பின் நிறமாலையை அதைக் கொண்டும் பதிவுசெய்து, ஜி. சி. அனுபமாவும் சகாக்களும் 2013இல் கட்டுரை வெளியிட்டார்கள். 147 ஆண்டுகளுக்கு முன் முதல் வரி எழுதிய ஏட்டில், அதே மரபின் கை இன்னொரு வரியைச் சேர்த்தது.

ஏட்டில் விடுபட்ட வரிகளும் இருக்கும். கார்த்திகை மாதத்தில் சூரியன் விருச்சிகத்தில் நிற்கும்; அந்நாட்களில் இந்த விண்மீன் வெடித்தால் பார்க்க வழியில்லை. பத்தாண்டுக்கு ஒருமுறை என்ற கணக்குப்படி அடுத்தது 2030களின் தொடக்கத்தில் வரலாம். ஒரு மனித ஆயுளில் ஐந்தாறு முறை நிகழும் நிகழ்ச்சி அது. ஆனால் கொடுக்கல் வாங்கலின் முடிவைக் காண ஓர் ஆயுள் போதாது, நூறு ஆயுளும் போதாது. தீர்ப்பு எழுதுகிற அவசரம் இல்லாமல், தேதியும் ஒளித்தரமும் மட்டும் குறித்துவைத்துக்கொண்டே போகிறவர்கள் வேண்டும். எங்கள் வீட்டுக் கணக்கையும் இப்போதெல்லாம் நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.